பதினாறு கண் பாலத்தில் எங்கள் சவேரியார்

முதல் நாள், செப்டம்பர் 3

காலையில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ரயில் ஏறினோம், அக்காவும் நானும். அக்கா மகன் அங்கே வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறோம். "சித்தி, பிராக் பக்கத்துலதான் இருக்கு. ரயில்ல ரெண்டரை மணி நேரம். அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று அவனே டிக்கெட் எடுத்துக் கொடுத்தான்.

அவன் சொல்லாவிட்டாலும் போயிருப்போம். போன வருடம் அவன் பிராக்கில் எடுத்து அனுப்பிய ஒரு படம் அக்காவின் போனில் இன்னும் இருக்கிறது. ஆற்றின் மேல் ஒரு பழைய கல் பாலம். அதன் கைப்பிடிச் சுவர் மேல் கறுத்துப்போன ஒரு சிலைக் கூட்டம். உச்சியில் நிற்பவர் புனித சவேரியார். எங்கள் பாட்டி ஊர் மணப்பாடு. அங்கே கடலைப் பார்த்த குகையில் சவேரியார் தங்கியிருந்தார் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். வருகிற 14ஆம் தேதி அங்கே திருச்சிலுவைத் திருவிழா. இந்த வருடம் அதற்கு இருக்க முடியவில்லையே என்ற குறை அக்காவுக்கு. "சரி, சவேரியாரையாவது இங்க பாத்துட்டுப் போவோம்" என்றாள்.

ரயில் எல்பே ஆற்றை ஒட்டியே போகிறது. கரையில் மணற்கல் பாறைகள் கோபுரம் கோபுரமாக நிற்கின்றன. செக் நாட்டுக்குள் நுழைந்து வெகுதூரம் வந்த பிறகு எல்பேயை விட்டுவிட்டு, அதில் வந்து சேரும் வல்தாவா ஆற்றின் கரையைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வல்தாவாவின் மேல்தான் நாங்கள் தேடி வந்த பாலம்.

தங்கும் இடத்தில் பைகளை வைத்துவிட்டு நான்கு மணிக்குப் பாலத்துக்குப் போனோம். போயிருக்கக் கூடாது. தேர்த் திருவிழா அன்றைக்குத் தெரு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. படம் வரைபவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், குடையைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்தை இழுத்துப் போகும் வழிகாட்டிகள். பாலம் 516 மீட்டர் நீளம், ஆனால் அகலம் 10 மீட்டர்கூட இல்லை. நின்றால் பின்னால் வருபவர் இடிக்கிறார். அக்காவுக்கு மூச்சு முட்டியது. பாதியிலேயே திரும்பிவிட்டோம். சவேரியாரின் சிலுவை தலைகளுக்கு மேலே தெரிந்தது, அவ்வளவுதான்.

நாளை விடியுமுன் போகிறோம்.

இரண்டாம் நாள், செப்டம்பர் 4

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். இன்னும் இருட்டு. பழைய நகரத்துப் பக்கம் பாலத்துக்குக் காவலாக ஒரு கல் கோபுரம் நிற்கிறது. அதன் வாசலைத் தாண்டியதும் பாலம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. நேற்றுப் பார்த்த இடமா இது என்று ஆகிவிட்டது.

ஆள் இல்லாத நேரத்தில்தான் தெரிகிறது, பாலம் நேராக இல்லை. கோபுரத்தடியில் நின்று பார்த்தால் மெல்ல ஒரு பக்கம் வளைந்து, அப்புறம் மறுபக்கம் திரும்புகிறது, பாம்பு நெளிந்து போன தடம் மாதிரி. கரையில் ஒதுங்கி நின்று பார்த்தால் 16 வளைவுகள். எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் இதற்குப் பதினாறு கண் பாலம் என்றே பெயர் விழுந்திருக்கும். இங்கேயும் வெகுகாலம் வெறும் "கல் பாலம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கட்டிய அரசர் நான்காம் சார்லஸின் பெயரால் சார்லஸ் பாலம் என்று ஆனது 1870இல்தான்.

இதற்கு முன்னால் இதே இடத்தை ஒட்டி இன்னொரு கல் பாலம் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் கட்டியது, யூடித்தா என்ற அரசியின் பெயர் கொண்டது. 1342 பிப்ரவரியில், உறைந்த ஆறு உடைந்து பனிப்பாளங்களோடு வந்த வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. 15 வருடம் கழித்து, 1357இல், சார்லஸ் புதிய பாலத்தைத் தொடங்கினார். முந்தையதைவிட நான்கைந்து மீட்டர் உயரமாக. அடிக்கல் வைத்தது ஜூலை 9, காலை 5 மணி 31 நிமிடம் என்று ஒரு கதை உண்டு. வருடம், நாள், மாதம், மணி, நிமிடம் என்று வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று ஏறி இறங்கும். ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரமாம். உண்மையோ பொய்யோ, அடித்துப்போன பாலத்துக்குப் பக்கத்தில் அடுத்ததைக் கட்டும் ஒரு அரசன் நல்ல நேரம் பார்த்திருப்பான் என்பதை என்னால் நம்ப முடிகிறது.

பாலம் முடிந்ததைச் சார்லஸ் பார்க்கவில்லை. அவர் 1378இல் இறந்துவிட்டார். வேலை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இழுத்தது. அதன் பிறகு 1841 வரைக்கும், ஏறக்குறைய நானூற்று நாற்பது வருடம், இந்த நகரத்தில் ஆற்றைக் கடக்க இது ஒன்றுதான் பாலம். முடிசூட்டப் போன அரசர்கள், உப்பு வண்டிகள், சவ ஊர்வலங்கள், படைகள், எல்லாமே இந்தப் பத்து மீட்டருக்குள்தான். 1883இல் குதிரை டிராம் விட்டார்கள், 1905இல் மின்சார டிராம். மேலே கம்பி இழுத்தால் பாலத்தின் அழகு கெடும் என்று மின்சாரத்தைத் தரையிலிருந்தே எடுக்கும்படி செய்திருக்கிறார்கள். மூன்று வருடத்தில் அதையும் நிறுத்திவிட்டுப் பேருந்து வந்தது. 1965 வரை கார்கள்கூடப் போயிருக்கின்றன. இன்றைக்கு நடப்பவர்களுக்கு மட்டும்.

கோபுரத்தை விடிந்த பிறகு அண்ணாந்து பார்த்தோம். சார்லஸும் அவர் மகன் நான்காம் வென்சஸ்லாசும் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் புனித விட்டுஸ் நிற்கிறார், அவர் காலடியில் இந்தப் பாலமே சின்னதாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அக்கா கண்டுபிடித்தது ஒரு மீன்கொத்தி. முடிச்சுப் போட்ட ஒரு துணிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது வென்சஸ்லாசின் சின்னம். ஆற்றங்கரைக் கோபுரத்தில் மீன்கொத்தியை வைத்தவன் மேல் எனக்கு மரியாதை வந்தது. இதே கோபுரத்தில்தான் 1621இல், பேரரசரை எதிர்த்துத் தோற்ற பொகீமிய, அதாவது செக் நாட்டுப் பிரபுக்களில் 12 பேரின் தலைகளைப் பத்து வருடம் தொங்கவிட்டிருந்தார்கள். பாலத்தில் போகிற ஒவ்வொருவரும் அவற்றுக்குக் கீழேதான் போயாக வேண்டும். அதற்காகத்தான் அந்த இடம்.

சிலைகள் மொத்தம் 30. பாலம் கட்டும்போது இவை கிடையாது, பெரும்பாலும் 1683க்கும் 1714க்கும் இடையில் வைத்தவை. மூன்றாவது இடத்தில் பெரிய பாடுபட்ட சுரூபம். வெண்கல ஏசு டிரெஸ்டனிலிருந்து 1657இல் வாங்கி வந்தது என்று படித்ததும் அக்காவுக்குச் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். ஆனால் சிலுவையைச் சுற்றிப் பொன் எழுத்தில் எபிரேய வரி ஒன்று ஓடுகிறது. "தூயவர், தூயவர், தூயவர், சேனைகளின் ஆண்டவர்." அதன் பின்கதை நெஞ்சை அறுப்பது. 1696இல் ஒரு யூதர் சிலுவையை அவமதித்தார் என்று குற்றம் சாட்டி, தண்டனையாக இந்த எழுத்துகளுக்கான பணத்தை அவரிடமே வசூலித்தார்கள். யூதர்கள் தங்கள் ஜெபத்தில் சொல்கிற வரியை எடுத்து, அவர்களைத் தாழ்த்துவதற்கே பொன் பூசி மாட்டியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில்தான் இதை விளக்கும் ஒரு பலகையைக் கீழே வைத்தார்கள். பொன் எழுத்தைப் படம் எடுத்தவர்கள் பலர், பலகையைப் படித்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

இடது வரிசையில் ஐந்தாவது, சவேரியார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டாள். கல் சில்லென்று இருந்திருக்கும். சவேரியார் சிலுவையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். முன்னால் ஒரு கீழ்த்திசை இளவரசன் ஞானஸ்நானத்துக்காக மண்டியிட்டிருக்கிறான். இவர்கள் நிற்கும் பீடத்தைக் கீழே சில ஆண்கள் தோளிலும் முதுகிலும் தாங்குகிறார்கள். கிழக்குத் தேசத்து மக்கள் என்று சிற்பி நினைத்தவர்கள். பெர்டினாண்ட் மாக்சிமிலியான் புரோகோஃப் 1711இல் செய்தது. அப்போது அவருக்கு 23 வயது.

ரொம்ப நேரம் பேசாமல் நின்றோம். பிறகு அக்கா, "ஏட்டி, கீழ இருக்கவங்க முகத்தப் பாத்தியா?" என்றாள். பார்த்தேன். பாரம் தாங்குகிற முகங்கள். மேலே இருக்கும் ஒருவரின் முகத்தைவிடக் கீழே இருப்பவர்களின் உடம்பில்தான் அந்த இளைஞன் அதிகம் உழைத்திருக்கிறான்.

எங்கள் கரையில் நடந்தது இந்தச் சிலையில் இருப்பது போல அல்ல. சவேரியார் கோவாவுக்கு வந்தது 1542 மே மாதம், முத்துக்குளித்துறைக்கு வந்தது அந்த வருடக் கடைசியில். அதற்கு ஐந்தாறு வருடம் முன்பே பரதவர்கள், தங்கள் முத்துக்குளிப்பையும் உயிரையும் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் துணையை நாடி, ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அது அவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. யாரும் வந்து மண்டியிட வைக்கவில்லை. சவேரியார் வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்த ஊர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். இதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை அசந்துபோகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது வேறொரு கடிதம். 1544இல் வடுகப் படை குமரிக் கரைப் பரதவர்களைத் தாக்கியது. மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளுக்கு ஓடிப்போய்ப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உதவி எடுத்துக்கொண்டு சவேரியார் கிளம்பினார். எதிர்காற்று. பல நாள் கடலில் போராடியும் போய்ச் சேர முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்பினார். எதிர்காற்றில் தண்டு வலித்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்தத் தோணியை யாராவது செதுக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

எதிர்ப்பக்கம் சிரில், மெத்தோடியுஸ் என்ற இரு புனிதர்கள் நிற்கிறார்கள். 1938இல் வந்தவர்கள். முன்பு அங்கே நின்றவர் இஞ்ஞாசியார். பாரிஸில் சவேரியாரோடு ஒரே அறையில் தங்கிப் படித்த சிநேகிதர். அவர் ஏன் இல்லை என்பதைத் தேடிப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. 1890, செப்டம்பர் 4. தேதி இன்றைக்குத்தான். மேல்பகுதியிலிருந்து அடித்துவந்த மரங்களும் தெப்பங்களும் ஆயிரக்கணக்கில் இந்தப் பாலத்தில் வந்து சிக்கின. கண்கள் அடைபட, தண்ணீர் அடியில் மண்ணை அரித்தது. இரண்டு தூண்கள் இறங்க, மூன்று வளைவுகள் ஆற்றில் விழுந்தன. எதிரெதிரே நின்ற சவேரியாரும் இஞ்ஞாசியாரும் ஒன்றாகவே ஆற்றுக்குள் போனார்கள்.

இப்போது நிற்கும் சவேரியார் 1913இல் வைத்த நகல். இதைச் சொன்னதும் அக்காவின் முகம் சற்று வாடியது. "அப்ப அசல் எங்க?" என்றாள். அதற்கு நான்காம் நாள் வரை பொறுக்க வேண்டும்.

எட்டு மணிக்குக் குடைகள் வரத் தொடங்கின. நாங்கள் இறங்கிவிட்டோம்.

மூன்றாம் நாள், செப்டம்பர் 5

காலையிலிருந்து தூறல். மேலே நடக்க வேண்டாம், கீழே போய்ப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். இந்தப் பயணத்தில் நான் எடுத்த நல்ல முடிவு இதுதான். பாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன் அடியைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

பாலத்தின் பாதியைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு படிக்கட்டு கம்பா என்ற தீவில் இறங்குகிறது. தீவையும் கரையையும் பிரிப்பது ஒரு சின்ன வாய்க்கால், செர்தொவ்கா. சாத்தான் ஓடை என்று பொருள். பெரிய தண்ணீர்ச் சக்கரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் பாலத்தின் வயிறு தெரிகிறது. வளைவுகள் ஒரே அளவில் இல்லை. சின்னது 16 மீட்டர் சொச்சம், பெரியது 23 மீட்டருக்கு மேல். கல்லும் ஒரே நிறத்தில் இல்லை. கன்னங்கறுப்பு, பழுப்பு, வெளிர் மஞ்சள் என்று ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கிறது. வெளிர் கற்கள் பிற்காலப் பழுதுபார்ப்பில் வைத்தவை. 2010ஐ ஒட்டி நடந்த வேலையில் பழைய கற்களை அளவுக்கு மீறி எடுத்துவிட்டார்கள் என்று தொல்பொருள் அறிஞர்கள் கடுமையாகக் குறை சொன்னார்கள். கைப்பிடிச் சுவரைப் பார்த்தபோது அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. அறுத்து வைத்த மாதிரி கூர்மையான விளிம்போடு ஒரு கல், பக்கத்தில் ஆறு நூற்றாண்டு கை பட்டு மழுங்கிய ஒரு கல். இரண்டும் ஒன்றோடொன்று பேசவில்லை.

சுண்ணாம்புச் சாந்தில் முட்டை கலந்தார்கள் என்பது இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. நாடு முழுவதும் வண்டி வண்டியாக முட்டை அனுப்பச் சொன்னாராம் அரசர். வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று அக்கறையோடு வேகவைத்து அனுப்பினார்களாம். அக்கா சிரித்து முடிக்கவே இல்லை. "நம்ம அத்தையும் அப்படித்தான் செஞ்சிருப்பா" என்றாள்.

மழை விட்டதும் ஒரு சின்ன மரப் படகில் ஏறினோம். பழைய நகரத்துக் கரையில், கட்டடங்களுக்கு அடியில் ஒரு வளைவு மறைந்திருக்கிறது. 1342 வெள்ளத்தில் போன யூடித்தா பாலத்தின் மிச்சம் அது. கரையை உயர்த்தி வீடு கட்டியபோது அடியில் புதைந்து பத்திரமாக இருந்துவிட்டது. படகு மெதுவாக அதனுள் போனது. ஈரக் கல்லும் பாசியும் சேர்ந்த வாசனை, தண்ணீரின் வெளிச்சம் தலைக்கு மேல் கல்லில் ஆடியது. 850 வருடக் கல். பேச்சு தானாகவே நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் படகுக்காரர் கரைச் சுவரில் ஒரு முகத்தைக் காட்டினார். பிராடாச், அதாவது தாடிக்காரர். யூடித்தா பாலத்தில் இருந்த கல் தலையாம் அது. பிற்காலத்தில் ஆற்றங்கரையில் சுவர் எழுப்பியபோது எடுத்து அதில் பதித்துவிட்டார்கள். இந்த ஊரின் பழைய வெள்ள எச்சரிக்கை இதுதான். தண்ணீர் தாடியைத் தொட்டால் கரையோர வீட்டுக்காரர்கள் சாமான்களைத் தூக்கத் தொடங்க வேண்டும். வழுக்கைத் தலையைத் தொட்டால் ஓட வேண்டும். படிப்பு தேவையில்லை, அளவுகோல் தேவையில்லை, கண் இருந்தால் போதும். கடல் நிறத்தையும் காற்றையும் பார்த்துத் தோணி இறக்கலாமா வேண்டாமா என்று தாத்தா சொல்வாரே, அதே புத்தி.

பாலத்தை நெருங்கும்போது தூண்களுக்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கம், சரிவாக நிற்கும் பெரிய மரச் சட்டங்களைப் பார்த்தோம். ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் கூரை மாதிரி ஒன்று. குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளம் தூணில் மோதாமல், முதலில் இதில் ஏறி உடைவதற்காக. மரம் அடிவாங்கும், கல் தப்பிக்கும். மரத்தை மாற்றிவிடலாம்.

தூண்களின் அடியில் என்ன இருக்கிறது என்பது 1890இல் உடைந்தபோதுதான் சரியாகத் தெரிந்தது. பழைய கொத்தனார்கள் ஆற்றின் அடியில் மாவு அரைக்கும் ஆலைக் கற்களைப் பரப்பி, இரும்புப் பட்டையால் இணைத்து, அதன் மேல் தூணை எழுப்பியிருக்கிறார்கள். உருண்டைக் கல், நடுவில் துளை. இவ்வளவு பெரிய பாலம் ஆலைக் கற்கள் மேல் ஐந்நூறு வருடம் நின்றிருக்கிறது. ஆழம் போதாததுதான் குறை. உடைந்த தூண்களை இன்னும் ஆழத்திலிருந்து எழுப்பி 1892 நவம்பரில் மறுபடியும் திறந்தார்கள்.

2002 ஆகஸ்ட் வெள்ளம் அதைவிடப் பெரியது. இந்த ஆற்றில் சாதாரணமாக நொடிக்கு 150 கன மீட்டர் போல ஓடும். அன்று 5,000க்கு மேல் வந்தது. நம் ஊர் அணைக் கணக்கில் சொன்னால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கன அடி. கம்பா தீவு மூழ்கியது. 1890இல் செய்த தவறு மறக்காமல், பாலத்தின் மேல் பெரிய இயந்திரங்களை நிறுத்தி, தூணில் சிக்கிய மரங்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார்கள். கண் அடைபடவில்லை. பாலம் நின்றது. தீவின் சுவர்களில் அந்த வெள்ளம் தொட்ட உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நான் கையைத் தூக்கிப் பார்த்தேன், எட்டவில்லை.

இரவு சாப்பாடு, பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும். அக்கா ஊறுகாய் கொண்டுவந்திருக்கிறாள்.

நான்காம் நாள், செப்டம்பர் 6

17ஆம் எண் டிராம் ஆற்றங்கரையோடு போய் ஹொலெஷோவிட்செ என்ற பகுதியில் பொருட்காட்சி மைதானத்தில் விட்டது. அங்கேதான் தேசிய அருங்காட்சியகத்தின் லாபிடேரியம் இருக்கிறது. நகரத்தில் மழையும் புகையும் தின்றுகொண்டிருந்த கல் சிலைகளை எடுத்துவந்து காக்கிற இடம். பாலத்தில் நிற்கிற பெரும்பாலான சிலைகள் நகல்கள். அசலில் பல இங்கே, சில விஷெக்ராத் கோட்டையின் பாதாள மண்டபத்தில்.

கூட்டமே இல்லை. பாலத்தில் ஒரு சிலை முன் நிற்க இடமில்லாமல் தவித்தவர்களுக்கு, இங்கே அதே சிலைகளின் அசல் தரையில் கைக்கெட்டும் தூரத்தில். கோபுரத்தில் அண்ணாந்து பார்த்த சார்லஸ் இங்கே கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறார். வயதான, சற்றுக் கூனிய, களைத்த மனிதர். கீழிருந்து பார்த்தபோது அந்தக் களைப்பு தெரியவில்லை.

அப்புறம் சவேரியார்.

ஆற்றிலிருந்து எடுத்தவர். கல்லில் அடிபட்ட தழும்புகள் இருக்கின்றன. நகலில் எல்லாம் முழுசாக, ஒழுங்காக இருந்தது. இங்கே கல் உயிரோடு இருக்கிறது. துணி மடிப்பில் உளியின் வேகம் தெரிகிறது. அக்கா சுற்றிச் சுற்றி வந்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு முணுமுணுவென்று ஜெபம் சொன்னாள். அவள் சொன்னது தமிழில். நானூற்று எண்பது வருடத்துக்கு முன்னால் சவேரியார் எங்கள் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த மொழி. காவலுக்கு நின்ற வயதான அம்மா எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் தாங்குகிறவர்களிடம்தான் மறுபடியும் போனேன். புரோகோஃப் இந்தியாவைப் பார்த்ததில்லை. அந்த முகங்கள் எங்கள் முகங்கள் இல்லை. அவர் கேட்டது, மற்றவர் வரைந்தது, கொஞ்சம் அவர் கற்பனை. ஆனால் உடம்பு பொய் சொல்லவில்லை. பாரத்தை ஏற்றும்போது தோள்பட்டை எப்படி முன்னே வரும், கழுத்து எப்படிப் புடைக்கும் என்று தெரிந்தவன் செதுக்கியது. பிராக்கில் மூட்டை தூக்கியவர்களைத்தான் அவன் பார்த்திருக்க வேண்டும். துறைமுகத்தில் உப்பு மூட்டை தூக்கிய என் அப்பாவின் கழுத்தும் அப்படித்தான் இருந்தது.

இந்தச் சிலையை வெறுக்க எனக்குக் காரணம் இருக்கிறது. ஒரு புனிதரைத் தூக்கிக் காட்ட நம்மைக் கீழே வைத்த சிலை. ஆனாலும் மூன்று நாளாக இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். அக்காவிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அவரு நடந்துதான வந்தாரு நம்ம ஊருக்கு. தூக்கிட்டா வந்தாங்க?" என்றாள். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 7

மதியம் ரயில். விடியலில் இன்னொரு முறை பாலத்துக்குப் போனோம்.

புனித நெபோமுக் யோவானிடம் போகாமல் திரும்பினால் இந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். பாலத்தில் வைத்த புனிதர் சிலைகளில் முதலாவது அவருடையது, 1683, வெண்கலம். 1393இல் வென்சஸ்லாஸ் அரசரின் ஆட்கள் இந்தப் பாலத்திலிருந்து அவரை ஆற்றில் எறிந்தார்கள். அரசி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வெளியே சொல்ல மறுத்தார் என்பது பக்தர்கள் சொல்லும் கதை. ஒரு மடத்துத் தலைவரை நியமிப்பதில் அரசருக்கும் பேராயருக்கும் நடந்த சண்டையில் அவர் மாட்டிக்கொண்டார் என்பது வரலாறு. எறிந்த இடத்தில் கைப்பிடிச் சுவரில் ஒரு சின்னப் பித்தளைச் சிலுவை பதித்திருக்கிறார்கள். சிலையின் பீடத்தில் இருக்கும் வெண்கலத் தகடுகள் ஜனங்கள் தொட்டுத் தொட்டுப் பொன்னாகப் பளபளக்கின்றன. அக்காவும் தொட்டாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

மறுபடியும் சவேரியார் முன்னால் நின்று மணப்பாட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டோம். அங்கே நேரம் பத்தரையை நெருங்கியிருந்தது. சித்தப்பா மகள் எடுத்தாள். பின்னால் கோயிலில் பாட்டு கேட்டது. போனைத் திருப்பிச் சிலையைக் காட்டினோம். "ஐயோ, இவ்வளவு கறுப்பா இருக்காரே" என்றாள். அக்கா போனைக் கீழே இறக்கி, தாங்குகிறவர்களை ஒவ்வொருவராகக் காட்டினாள்.

இப்போது ரயிலில் இருந்து எழுதுகிறேன். அக்கா தூங்குகிறாள். ஆறு ஜன்னல் பக்கமாகவே கூட வருகிறது. வல்தாவா போய் எல்பேயில் சேர்ந்துவிட்டது, இனி டிரெஸ்டன் வரை ஒரே தண்ணீர். 2002இல் பிராக்கில் ஆகஸ்ட் 14 அன்று உச்சத்தைத் தொட்ட வெள்ளம், டிரெஸ்டனில் உச்சத்துக்கு வந்தது 17ஆம் தேதி. நாங்கள் சாயங்காலத்துக்குள் வீடு போய்விடுவோம். இன்று விடியலில் பதினாறு கண்களுக்கு அடியில் போன தண்ணீர் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும்.